வருத்தக்காரருக்குக் கொடுப்பனவு உண்டு. அவரைப் பார்க்கும் மகளுக்கு என்ன உண்டு?

மட்டக்களப்பு மாவட்டத்துக் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு தங்கை கேட்டிருப்பது இதுதான். பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்த தாயை அவர் ஆறு வருடங்களாகத் தனியாகப் பார்த்து வருகிறார். அதற்காகத் தையல் வேலையையும் விட்டுவிட்டார். உதவி ஏதும் உண்டா என்று போய்க் கேட்ட இடத்தில், "கொடுப்பனவு வருத்தக்காரருக்குத்தான், பார்க்கிற ஆளுக்கென்று ஒன்றும் இல்லை, நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரைப் போல ஊரில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களாம். எல்லோரும் சேர்ந்து கேட்க நினைக்கிறார்கள். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எங்கே தொடங்குவது என்பது அவருடைய கேள்வி.

நான் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பிரதேச செயலகங்களில் சமூக சேவைகள் உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தபோதே நான்கு வருடங்கள் என் அம்மாவையும் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். ஆகவே கொடுப்பனவுப் படிவத்தை மற்றவர்களுக்கு நிரப்பிக் கொடுத்த அனுபவமும், அதே படிவத்தோடு இன்னோர் அலுவலகத்தின் வாங்கில் பகல் முழுவதும் காத்திருந்த அனுபவமும் எனக்கு உண்டு. அந்த இரண்டையும் வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அந்த அலுவலகத்தில் சொன்னதில் முதற்பாதி இன்றைய நிலையில் உண்மை. வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகக் கூட்டப்பட்டது. குறைந்த வருமானக் குடும்பத்து முதியோருக்கான கொடுப்பனவு 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. இவை இரண்டுமே வருத்தக்காரருக்கும் வயதானவருக்கும் உரியவை. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு குடும்பத்துக்கு உரியது. மாகாண சமூக சேவைகள் திணைக்களம் வழங்கும் பொது உதவிப் பணமும் பராமரிப்பவருக்கென்று வகுக்கப்பட்டதல்ல. (அந்தப் பொது உதவிப் பணத்தை நம்முடைய ஊர்களில் இன்றைக்கும் "பிச்சைச் சம்பளம்" என்றே சொல்கிறார்கள். என் வேலைக்காலம் முழுவதும் நான் வெறுத்த சொல் அது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை நம் சனங்கள் எந்த மனதோடு வாங்கப் பழக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.) ஆனால் "நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்ற இரண்டாவது பாதி எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதல்ல. அது ஓர் அபிப்பிராயம் மட்டுமே. நீங்கள் தொடங்கப்போகும் முயற்சி எதிர்கொள்ள வேண்டியது முதலில் அந்த அபிப்பிராயத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பொது இடங்களுக்குள் சென்றுவரும் உரிமையைக் கூறுகிறது. பராமரிப்பவருக்கென்று அதில் எந்த உரித்தும் இல்லை. முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பதும் அவர்களுடைய தேவைகளைக் கவனிப்பதும் பிள்ளைகளின் கடமை என்கிறது. பிள்ளைகள் என்று பன்மையில்தான் சட்டம் பேசுகிறது. ஊர்தான் அதை ஒரு மகள் என்று ஒருமையில் வாசிக்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத ஒரு முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி விண்ணப்பிப்பதற்கு அந்தச் சட்டம் ஒரு சபையையும் அமைத்திருக்கிறது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அண்ணன் தம்பிமார் மாதாமாதம் பங்களிக்க வேண்டும் என்று உங்களுடைய அம்மா அந்தச் சபையைக் கேட்கலாம். நீங்கள் உங்கள் பெயரில் கேட்க முடியாது. உங்களுடைய உழைப்புக்கு அந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை.

மூன்றாவது ஆவணம் பலருக்குத் தெரியாதது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 28ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் வலுவிழந்தோருக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் பயிற்சி, உளவளத்துணை, நிதியுதவி ஆகியவற்றோடு, பராமரிப்பவர் இளைப்பாறுவதற்கான மாற்றுப் பராமரிப்பும் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. சமவாயத்தில் கையெழுத்திட்டால் மட்டும் அது நம்முடைய நீதிமன்றங்களில் நேரடியாகச் செல்லுபடியாகிவிடாது. பாராளுமன்றம் அதைச் சட்டமாக்க வேண்டும். இருந்தாலும், அரசாங்கம் தன் கையால் ஒப்புக்கொண்ட ஒன்றையே கேட்கிறோம் என்று தலைநிமிர்ந்து சொல்வதற்கு இந்த உறுப்புரை போதும். உங்களுடைய முதல் மகஜரில் இதன் இலக்கத்தைக் குறிப்பிடுங்கள். உறுப்புரை இலக்கம் இருக்கும் மகஜரை ஓர் அலுவலகம் வாசிக்கும் விதமே வேறு.

இனி நம்முடைய கரைக்கே உரிய ஒரு விடயம். யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கடினம். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், கலியாணம் முடித்த ஆண் பெரும்பாலும் பெண் வீட்டுக்குத்தான் வருகிறார். குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த தாய் தகப்பன் பக்கத்து வளவில் இன்னொன்று கட்டி, கடைசியில் இளைய மகளோடு தங்கிவிடுவது வழமை. இது நம் பெண்களுக்கு ஒரு பலம். புருஷன் போனாலும் காலடியில் நிலமும் தலைக்கு மேல் கூரையும் இருக்கும். ஆனால் தாய் படுக்கையில் விழுந்தவுடன் இதே வழமை அவளுடைய வாயை அடைக்கப் பயன்படுகிறது. "வீடு வளவு உனக்குத்தானே தந்தது, நீதானே பார்க்க வேண்டும்" என்று கூடப் பிறந்தவர்கள் சொல்கிறார்கள். பராமரிப்புக்கு முன்கூட்டியே கூலி கொடுத்துவிட்டதைப் போல அந்த வீட்டைப் பேசுகிறார்கள்.

இதை நீங்கள் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. சீதனம் கலியாணத்துக்காகக் கொடுக்கப்பட்டது. அந்த உறுதிப் பத்திரத்தில், இருபது வருடங்களுக்குப் பிறகு ஒருத்தி தன் தொழிலையும் உறக்கத்தையும் இடுப்பையும் ஈடாகத் தர வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. நான் சந்தித்த பராமரிப்பாளர்களில் பாதிப்பேர் உதவி கேட்டு வராததற்குக் காரணம் அறியாமை அல்ல. "வீட்டை வாங்கிக்கொண்டு காசும் கேட்கிறாள்" என்ற பேச்சுக்குப் பயந்தார்கள். உங்கள் ஏழெட்டுப் பேரும் முதன்முதலாகக் கூடும்போது, படிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் இதைப் பேசிவிடுங்கள். இந்த வெட்கம் அகலாவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் வராது.

அடுத்து, பதிவேடு. நான் கையாண்ட கொடுப்பனவுப் படிவங்களில் வருத்தக்காரரின் பெயர், வயது, வருத்தத்தின் தன்மை, வைத்தியரின் சான்று, வீட்டு வருமானம் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அவரைப் பார்க்கிற ஆளின் பெயர் வருமானால் அது ஒரேயோர் இடத்தில்தான் வரும்: வருத்தக்காரர் நேரில் வர முடியாதபோது காசை வாங்கிக் கையெழுத்திடுபவர் என்ற இடத்தில். என் அம்மாவுக்காக நான் போயிருந்த அலுவலகத்தில் இளம் உத்தியோகத்தர் ஒருவர் என்னிடம், "நீங்கள் யார், காசைப் பாரம் எடுப்பவரா?" என்று கேட்டார். அவர் கெட்ட பிள்ளை அல்ல. படிவம் அவருக்குக் கற்றுக்கொடுத்த சொல் அதுதான். ஆனால் இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் எழும்பி, அம்மாவின் தோளுக்குக் கீழே ஒரு கையையும் இடுப்புக்குக் கீழே மறு கையையும் கொடுத்து அடுத்த பக்கம் புரட்டிப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் மேல் சிவந்திருந்த தோலை விரலால் அழுத்தி அது வெளுக்கிறதா என்று டோர்ச் வெளிச்சத்தில் பார்ப்பேன். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். இதை எனக்கு ஒரு தாதி, வைத்தியசாலையிலிருந்து அம்மாவைக் கூட்டிவரும் நாளில், வாசலில் நின்றபடி மூன்று நிமிடத்தில் சொல்லித் தந்தார். நான் பெற்ற முழுப் பயிற்சியும் அந்த மூன்று நிமிடம்தான். நான்கு வருடம் அம்மாவின் உடம்பில் ஒரு புண் வரவில்லை. அந்த வேலையை அரசாங்க வார்டில் செய்திருந்தால் அதற்குப் பதவிப்பெயரும் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்திருக்கும்.

பராமரிப்பைக் கணக்கெடுக்க அரசாங்கத்துக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக விரும்பும் பெண்களிடம் 2013ஆம் ஆண்டிலிருந்து குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. பிள்ளைக்கு எத்தனை வயது, தாய் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையெல்லாம் உத்தியோகத்தர்கள் வீடுவீடாகப் போய் எழுதினார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றார்கள்; 2022இல் அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைத்தார்கள். ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் பொத்துவிலிலும் இந்த அறிக்கைக்காக அலைந்த பெண்களை எனக்குத் தெரியும். ஒரு பெண்ணைப் போகவிடாமல் தடுப்பதற்கு அவளுடைய பராமரிப்பு அவ்வளவு பெறுமதியாகத் தெரிந்தது. அதே பராமரிப்பைச் செய்துகொண்டு வீட்டில் நிற்பவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று வரும்போது அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டைப் பற்றித் தனி ஆய்வே நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் ஆண்களைவிட எவ்வளவோ கூடுதலான நேரம் செலவிடுகிறார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. ஆகவே கணக்கெடுக்கும் வழியும் இருக்கிறது, வீடுவீடாகப் போகக்கூடிய உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள்.

வேறு நாடுகளில் இது எப்படி மாறியது என்பதில் ஒரே ஒரு வரலாற்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்குக் கிடைத்த அதே பதில் வருகிறது. பிரித்தானியாவில் மேரி வெப்ஸ்டர் என்ற பெண், ஒரு கிறிஸ்தவ சபையின் போதகர், வயதான பெற்றோரைப் பார்ப்பதற்காக 1954இல் தம்முடைய பணியை விட்டார். தம்மைப் போலத் திருமணம் செய்யாமல் பெற்றோரைப் பார்த்து வரும் பெண்களின் நிலை பற்றி அவர் 1963இல் பத்திரிகைகளுக்கு எழுதினார். அதற்கு வந்து குவிந்த கடிதங்களே ஓர் அமைப்பாகி 1965இல் உருப்பெற்றன. 1976இல் பராமரிப்பவரின் பெயரிலேயே ஒரு கொடுப்பனவு தொடங்கியது. ஆனால் மணமான பெண்களுக்கு அது இல்லை என்றார்கள். காரணம், அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பதுதான். வார்த்தைக்கு வார்த்தை உங்களுக்குச் சொல்லப்பட்ட அதே காரணம். மறதிநோய் கொண்ட தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற மணமான பெண் அதை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 1986இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. தோற்கப்போவதை உணர்ந்த அரசாங்கம் தீர்ப்புக்குச் சற்று முன்னரே விதியை மாற்ற ஒப்புக்கொண்டது.

அந்த நாட்டின் முறையில் குறையும் உண்டு. அதிலிருந்தும் நாம் கற்க வேண்டும். கிழமைக்கு 35 மணித்தியாலம் பராமரிப்பவருக்கே அந்தக் கொடுப்பனவு கிடைக்கும். பகுதிநேர வேலை செய்து குறிப்பிட்ட எல்லைக்கு மேல் சிறு தொகை உழைத்துவிட்டாலும் அந்தக் கிழமைக்குரிய கொடுப்பனவு முழுவதும் போய்விடும். இப்படி எல்லை மீறியதை அதிகாரிகள் காலங்கழித்துக் கண்டுபிடித்துப் பெருந்தொகையைத் திருப்பிக் கேட்டதில் பலர் கடனாளியானார்கள். ஆகவே நீங்கள் ஒரு கொடுப்பனவைக் கேட்கும்போதே, பாய் பின்னியோ தைத்தோ கொஞ்சம் உழைப்பவளிடமிருந்து அது பறிக்கப்படக்கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வசதி படைத்த நாடுகளுக்கு மட்டும் உரிய விடயம் இது என்பவர்களுக்குக் கேரளாவைக் காட்டலாம். படுக்கையில் இருப்பவர்களையும் கடுமையாக வலுவிழந்தோரையும் வீட்டில் பார்ப்பவர்களுக்கென்று ஆசுவாசகிரணம் என்ற திட்டத்தில் மாதம் 600 இந்திய ரூபாய் வைத்தார்கள். தொகை மிகச் சிறியது. ஆனால் ஒரு மாநிலத்தின் கணக்கில் பராமரிப்பவள் தன் பேரில் ஒரு வரியாக நின்றாள்.

எதைக் கேட்பது என்பதற்கு வருகிறேன். பலரும் முதலில் காசைக் கேட்கச் சொல்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. முதலில் பதிவையும், அதற்கடுத்து மாற்று ஆளையும் கேளுங்கள். காசு மூன்றாவதாக வரட்டும். பதிவில்லாமல் காசைக் கேட்டால் எத்தனை பேருக்கு என்று திருப்பிக் கேட்பார்கள், அதற்குப் பதில் ஒருவரிடமும் இருக்காது. வலுவிழந்தோருக்கும் முதியோருக்கும் பிரதேச செயலகத்தில் உள்ள கோவையில் பராமரிப்பவரின் பெயர், வயது, விட்ட தொழில், பார்த்துவரும் வருடங்கள், அவருக்குள்ள வருத்தங்கள் ஆகியவற்றுக்கு ஒரு தனிப் பக்கம் சேர்ப்பதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை; அலுவலக மட்டத்தில் மனம் வைத்தாலே தொடங்கிவிடலாம்.

மாற்று ஆள் என்று நான் சொல்வது, மாதத்தில் இரண்டு நாளாவது பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து வருத்தக்காரரோடு இருப்பதை. அந்த இரண்டு நாளில் பராமரிப்பவள் தன்னுடைய சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போவாள், பிள்ளையின் பாடசாலைக்குப் போவாள், அல்லது படுத்து உறங்குவாள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் மார்பில் கட்டி இருப்பதை அறிந்த பிறகும் ஐந்து மாதம் வைத்தியசாலைக்குப் போகவில்லை, ஏனென்றால் மாமியைப் பார்க்க ஆள் இல்லை. அவள் போனபோது காலம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மாமியை யார் பார்ப்பது என்று ஊரே கூடிப் பேசியது. அந்தப் பேச்சு ஐந்து மாதத்துக்கு முன்னர் நடந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் அம்பாறையில் 20 பிரிவுகளும் இருக்கின்றன. பிரிவுக்கு இரண்டு பேர் என்று தொடங்கினாலும் நாடு திவாலாகிவிடாது.

அந்த மாற்று ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு உங்களிடமே பதில் இருக்கிறது. பராமரிப்பாளர் பணிக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டு. வகுப்புக்குப் போகாமல், செய்து பழகிய அனுபவத்தை மதிப்பிட்டு அந்தச் சான்றிதழ் வழங்கும் ஒழுங்கும் அதே முறைமைக்குள் இருக்கிறது. ஆறு வருடம் தாயைப் பார்த்த ஒருத்தி அந்த மதிப்பீட்டுக்குத் தகுதியற்றவளானால் வேறு யார் தகுதியானவர்? மதிப்பீட்டாளர்கள் கொக்கட்டிச்சோலைக்கோ மண்டூருக்கோ வந்து அதை நடத்த வேண்டும் என்று கேளுங்கள். தாயின் காலத்துக்குப் பிறகும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

அந்தப் பிறகு என்ற காலத்தைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. பேசாமல் விடுவது பெரிய தவறு. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து உறவுகள் வீடு திரும்பிய மறுநாள் காலையில், வழக்கம் போல நான்கு மணிக்கு எழும்பிவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் கட்டிலின் விளிம்பில் இருந்த பெண்கள் எத்தனையோ பேர். வருத்தக்காரரின் கொடுப்பனவு அவரோடு முடிந்துவிடும். பார்த்தவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஊழியர் சேமலாப நிதியில் அவளுடைய பெயர் இருக்காது, ஏனென்றால் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி அது முதலாளி உள்ளவருக்கே உரியது. பிரித்தானியாவில் பராமரிக்கப்பட்டவர் இறந்த பிறகும் எட்டுக் கிழமைக்குக் கொடுப்பனவு தொடர்கிறது. இங்கே ஆறு மாதத்துக்காவது தொடர வேண்டும் என்று கேட்பது நியாயமே. அதோடு, சுயதொழில் செய்வோருக்கான ஓய்வூதியத் திட்டங்களை நடத்தும் சமூகப் பாதுகாப்புச் சபை 1996ஆம் ஆண்டின் சட்டமொன்றால் அமைக்கப்பட்டு ஏற்கனவே இயங்கி வருகிறது. பதிவு செய்யப்பட்ட பராமரிப்பாளரின் தவணைப் பணத்தை அவர் பராமரிக்கும் காலம் முழுவதும் அரசாங்கமே அந்தத் திட்டத்தில் கட்ட வேண்டும் என்ற கோரிக்கையை நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாக நினைக்கிறேன். அதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை.

தொழிலில் இருந்துகொண்டே பராமரிப்பவர்களுக்கு விடுமுறை வேண்டும் என்பதும் உண்டு. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் உண்டு; பராமரிப்புக்கென்று தனி விடுமுறை இல்லை. இது கொழும்பில் தீர்க்கப்பட வேண்டிய விடயமாதலால் தொழிற்சங்கங்களிடம் விட்டுவிடலாம்.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு சிக்கல் இருப்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சமூக சேவை மாகாண சபைக்குப் பகிரப்பட்ட விடயம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மாகாண மட்டத்தில் கேள்வி கேட்கவும் வரவு செலவில் ஓர் ஒதுக்கீட்டைச் சேர்க்கவும் நீங்கள் தெரிவுசெய்த ஒருவர் இல்லை. ஆளுநருக்கும் மாகாணச் சமூக சேவைகள் திணைக்களத்துக்கும் மகஜர் அனுப்பத்தான் வேண்டும், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பாராளுமன்ற உறுப்பினர்கள் கலந்துகொள்ளும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் இது நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயமாக வர வேண்டும். ஒரு தடவை கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதன் முன்னேற்றம் என்னவென்று கேட்க முடியும். 2025ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சபைக் கட்டிடத்துச் சாய்தளத்திலிருந்து, சக்கர நாற்காலி போகும்படி ஒழுங்கையைச் செப்பனிடுவது வரை அவர்கள் செய்யக்கூடியவை உண்டு.

மகஜருக்கு முன்னால் தகவல் அறியும் விண்ணப்பம் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். உங்கள் பிரிவில் வலுவிழந்தோர் கொடுப்பனவு பெறுபவர் எத்தனை பேர், விண்ணப்பித்துக் காத்திருப்பவர் எத்தனை பேர், அவர்களில் படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர், அவர்களைப் பார்ப்பவர்கள் பற்றிய பதிவு உண்டா என்ற நான்கு கேள்விகளும் போதும். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். நான்காவது கேள்விக்கு "பதிவு இல்லை" என்ற பதில் எழுத்தில் வந்தால், அதுவே உங்களுடைய மகஜரின் முதலாவது இணைப்பு. அவமதிப்போ பாகுபாடோ நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன. அம்பாறைக் கரையோரத்துச் சகோதரிகளுக்கு ஒரு சொல்: கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால், தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள். அது அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தரும் உரிமை. விளங்காத கடிதத்தில் கையெழுத்து வைத்து உரித்தை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இந்த வேலையைத் தமிழர் ஊர்களுக்குள் மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஆரையம்பதியில் ஒரு மகள் செய்வதைத்தான் காத்தான்குடியில் ஒரு மகள் தன் உம்மாவுக்குச் செய்கிறாள். சீதன வீட்டுப் பேச்சு அங்கேயும் அதே பேச்சுத்தான். யுத்தத்தில் முள்ளந்தண்டு அடிபட்ட கணவனைப் பார்க்கும் மனைவியும், மனநோயுள்ள மகனை மாதம் தவறாமல் ஊசிக்குக் கூட்டிச் செல்லும் தாயும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். கோவில் நிர்வாகங்களையும் பள்ளிவாசல் ஸகாத் குழுக்களையும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் ஒரே மகஜரில் கையெழுத்திடக் கேளுங்கள். இரண்டு சமூகத்தின் முத்திரையும் சேர்ந்து வரும் தாளை எந்தக் குழுவும் எளிதில் ஒதுக்கி வைக்காது.

கடைசியாக, எங்கே தொடங்குவது. கூட்டம் போட்டால் பராமரிப்பாளர்கள் வரமாட்டார்கள், வர முடியாது. அவர்கள் ஏற்கனவே கூடும் இடம் ஒன்று உண்டு: வைத்தியசாலைக் கிளினிக்கின் வரிசை. படுவான்கரையிலிருந்து பாதை என்று நாம் சொல்லும் படகில் ஏறி வாவியைக் கடந்து, மருந்துத் துண்டோடு காலை ஆறு மணிக்கே வாங்கில் வந்து இருப்பவர்களில் பாதிப்பேர் தமக்காக வந்தவர்கள் அல்லர். அங்கே ஒரு கொப்பியோடு போய் இருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் வருத்தக்காரரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னர் அவரைப் பற்றிக் கேளுங்கள். கொப்பியில் ஆறு நிரல் போடுங்கள்: பார்ப்பவரின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, யாரைப் பார்க்கிறார், எத்தனை வருடமாக, அதற்காக எந்தத் தொழிலை விட்டார், கடைசியாகத் தனக்கென்று எப்போது மருந்தெடுத்தார். நாற்பது பெயர் சேர்ந்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பிரதேச செயலாளரிடம் நேரில் கொடுத்து, உங்களிடம் இருக்கும் மற்றதில் கிடைத்ததற்கான திகதி முத்திரையை வாங்கி வையுங்கள். முதலாவது வரியில் உங்களுடைய பெயரை எழுதுங்கள்.